ஐந்தில் ஒரு வாட்டின் பயணம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

கடலோரத்துக் கலங்கரை விளக்கம் எந்தக் கப்பலையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. குறித்த இடைவெளியில் ஒளி வீசுகிறது. கண்டவர் தாம் இருக்கும் இடத்தை அறிந்துகொள்கிறார். வானொலியிலும் இத்தகைய விளக்கங்கள் உண்டு. ‘பீக்கன்’ எனப்படும் இப்பரப்பிகள் தம் அடையாளத்தை மட்டும் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். கேட்டவர், ‘இந்த நேரத்தில் இன்ன ஊரிலிருந்து அலை வந்து சேர்கிறது’ என்று குறித்துக்கொள்வார். சென்ற விடுமுறையில் அப்படிப்பட்ட சிறு பரப்பி ஒன்றை இணைக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அதில் கற்றதையும், செய்த பிழையையும் சக மாணவர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. வானொலிப் பரப்பியை உரிமமின்றி இயக்குவது நம் நாட்டில் குற்றமாகும். மத்திய அரசு நடத்தும் அமெச்சூர் வானொலித் தேர்வில் தேறி உரிமம் பெற்றவரே அதை இயக்கலாம். இவர்களை ‘ஹாம்’ என்பர். எங்கள் ஊரில் அத்தகைய பெரியவர் ஒருவர் இருக்கிறார். தந்தி அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 2013 ஜூலையில் நாட்டில் தந்திச் சேவை நின்றுபோன பின்னும் அவர் விரல்கள் மோர்சை மறக்கவில்லை. கிட்டை வரவழைத்தவர் அவரே. “எனக்குக் கண் மங்கிப் போச்சு தம்பி, நீ இணைச்சுக் கொடு” என்று என்னிடம் ஒப்படைத்தார். பிறர் பொருள் என்பதால் மகிழ்ச்சியோடு அச்சமும் இருந்தது.

செய்தியின் இலக்கணம்

நாங்கள் பயன்படுத்திய முறைக்கு ‘விஸ்பர்’ என்று பெயர். கிசுகிசுப்பு என்று பொருள்படும் சொல்லை ஒத்த பெயர். இதனை 2008-இல் வெளியிட்டவர் அமெரிக்க வானியற்பியலாளர் ஜோசப் டெய்லர். இரட்டைப் பல்சாரைக் கண்டுபிடித்ததற்காக ரஸ்ஸல் ஹல்ஸுடன் 1993-இல் நோபல் பரிசு பெற்றவர். விண்மீனின் மெல்லிய துடிப்பை இரைச்சலிலிருந்து பிரித்தெடுத்தவர், ஹாம்களுக்கும் அவ்விதமே ஒரு வழி செய்து கொடுத்தார்.

செய்தியில் மூன்றே விவரங்கள்: அழைப்புக்குறி, இருப்பிடக் கட்டம், திறன். இந்திய ஹாம்களின் அழைப்புக்குறிகள் பெரும்பாலும் ‘வி.யு.’ என்று தொடங்கும். உலகை 2 பாகை அகலமும் 1 பாகை உயரமும் உள்ள கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஊர்கள் ‘எம்.ஜே.99’ என்ற கட்டத்தில் அடங்கும். இவை யாவும் சேர்ந்து 50 பிட்டுகள். வழியில் சிதைந்தாலும் திருத்திக்கொள்ளும்படி, அவற்றை 162 குறிகளாக விரித்து அனுப்புகிறார்கள்.

ஒவ்வொரு குறியும் நான்கு அதிர்வெண்களுள் ஒன்று. ஒரு குறிக்கு 0.683 விநாடி, 162 குறிகளுக்கு 110.6 விநாடி. அடுத்தடுத்த அதிர்வெண்களின் இடைவெளி 1.46 ஹெர்ட்ஸ்தான். 1-ஐ 0.683-ஆல் வகுத்துப் பாருங்கள், இந்த எண் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். நான்கும் சேர்ந்து 6 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அத்தனை குறுகிய இடத்தில் அத்தனை மெதுவாக அனுப்புவதால், 2,500 ஹெர்ட்ஸ் அகலத்தில் உள்ள இரைச்சலின் 600-இல் ஒரு பங்காகச் சைகை மெலிந்தாலும் கணிப்பொறி அதைப் படித்துவிடுகிறது. மனிதக் காதுக்கு அங்கே வெறும் இரைச்சல்தான் கேட்கும்.

கிட்டின் உள்ளே

பரப்பியில் நான்கு பகுதிகள். முதலாவது நுண்கட்டுப்பாட்டுச் சில்லு. இது செய்தியைக் குறிகளாக்குகிறது. இரண்டாவது, படிகத்தை ஆதாரமாகக் கொண்டு 14.097 மெகாஹெர்ட்ஸ் அலையை உண்டாக்கும் சில்லு. மூன்றாவது ‘பி.எஸ்.170’ என்னும் சிறிய டிரான்சிஸ்டர்; இதுவே பெருக்கி. நான்காவது, தாழ் அதிர்வெண் வடிகட்டி. இரட்டைப்படை நிமிடம் தொடங்கி ஒரு விநாடியில் அனுப்பத் தொடங்கவேண்டும் என்பது விதி. அதற்கான சரியான நேரத்தை ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களிலிருந்து பெற்றோம்.

வடிகட்டி ஏன் தேவை? சில்லிலிருந்து வருவது சதுர அலை. ஃபூரியர் தொடரை வகுப்பில் படித்தபோது அது தேர்வுக்கான கணக்கு என்றே எண்ணியிருந்தேன். சதுர அலையில் மூன்றாவது சீரிசை, அடிப்படை அலையின் மூன்றில் ஒரு பங்கு வீச்சுடன் இருக்கிறது. 14.097-ஐ மூன்றால் பெருக்கினால் 42.3 மெகாஹெர்ட்ஸ். அது பிறருக்கு உரிய அலைவரிசை. வடிகட்டியில்லாமல் ஏரியலில் இணைத்தால் அடுத்தவர் வீட்டுக்குள் புகுந்ததற்கு ஒப்பாகும்.

வடிகட்டிக்கு மூன்று கம்பிச்சுருள்கள். 9.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள மஞ்சள் நிற இரும்புத்தூள் வளையங்களில் 16, 17, 16 சுற்றுகள் சுற்றவேண்டும். துளைக்குள் கம்பி ஒருமுறை நுழைந்தாலே ஒரு சுற்று என்று கணக்கு. இதை மறந்தால் ஒரு சுற்று கூடிவிடும்.

பிழையும் திருத்தமும்

பரப்பியைப் பெரியவர் வீட்டில் சோதித்தோம். ஏரியலுக்குப் பதிலாக 100 ஓம் மின்தடைகள் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்து 50 ஓம் ஆக்கினோம். பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ஜெர்மானியம் டையோடும் ஒரு மின்தேக்கியும் கொண்டு உச்ச மின்னழுத்தத்தை அளந்தோம். முள் அசையவில்லை. பெருக்கியின் டிரான்சிஸ்டரைச் சூட்டுக்கோலால் நான்தான் கெடுத்துவிட்டேன் என்று முடிவு செய்தேன். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. “எடுத்துட்டுப் போய்ப் பொறுமையாப் பாரு” என்றார். அன்றிரவு எனக்கு உணவு இறங்கவில்லை.

என் தந்தை மோட்டார்களுக்குக் காயில் கட்டுபவர். எட்டாம் வகுப்புவரை படித்தவர். பலகையைக் கையில் வாங்கி விளக்கருகே பிடித்துப் பார்த்தார்.

“ஏப்பா, இனாமலைச் சுரண்டுனியா?”

“சூட்டுக்கோல் வச்சா உருகிரும்னு போட்டிருந்துச்சுப்பா.”

“எல்லாக் கம்பியிலயும் உருகாது. ஈயம் சுத்தி ஒட்டியிருக்கு, கம்பியில பிடிக்கலை.”

ஓம்மீட்டரை வைத்துப் பார்த்தேன். மூன்று சுருள்களில் இரண்டில் முடிவிலி காட்டியது. மின்னோட்டம் போக வழியே இல்லை! டிரான்சிஸ்டர் நன்றாகவே இருந்தது. முனைகளைப் பிளேடால் செம்பு பளபளக்கும்வரை அவர் சுரண்டிக் காட்ட, நான் மறுபடி பற்றவைத்தேன். அளவிடுவதற்கு முன்பே காரணத்தை முடிவு செய்துவிட்டேன் என்பதே நான் செய்த உண்மையான பிழை.

மறுநாள் மீட்டர் 4.2 வோல்ட் காட்டியது. டையோடில் இழந்த 0.3 வோல்ட்டைச் சேர்த்தால் 4.5. உச்ச மின்னழுத்தத்தின் இருபடியை மின்தடையின் இருமடங்கால் வகுத்தால் திறன் கிடைக்கும்: 20.25-ஐ 100-ஆல் வகுக்க, 0.2 வாட். ‘ஜீரோ வாட்’ என்று நாம் அழைக்கும் பழைய இழை பல்பே 15 வாட் எடுக்கும். அதில் 75-இல் ஒரு பங்கு!

வானில்

ஏரியல் அரை அலைநீளக் கம்பி. 14.097 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 21.27 மீட்டர், அதில் பாதி 10.63, கம்பியில் 5 விழுக்காடு குறைக்க, 10.1 மீட்டர். நடுவில் பிரித்து, மாடிக்கும் வேப்பமரத்துக்கும் இடையே கட்டினோம். பெரியவரின் அழைப்புக்குறியில், அவர் அருகிலிருந்து இயக்கினார்.

உலகெங்கும் ஹாம்களின் ஏற்பிகள் தாம் கேட்டதைத் தாமாகவே இணையத்தில் ஒரு பொதுப் பட்டியலில் பதிவு செய்கின்றன. முதல் நாள் உள்நாட்டு அறிக்கைகளே வந்தன. அவற்றிலும் அதிர்வெண் நகர்கிறது என்ற குறிப்பு இருந்தது. மின்விசிறிக் காற்றில் படிகம் குளிர்ந்து சூடாவதே காரணம். தெர்மோகோல் மூடி போட்டபின் நகர்வு நின்றது.

இரண்டாம் நாள் மாலை 5.40-க்கு அனுப்பியதை மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் பகுதியில் ஒருவரின் ஏற்பி கேட்டிருந்தது. தொலைவு 6,100 கிலோமீட்டர். பெரியவர் என் தோளைத் தட்டினார். எனக்குப் பேச்சு வரவில்லை.

ஒரு வாரப் பட்டியலைத் தாளில் எழுதிப் பார்த்தேன். நண்பகலில் தூரத்து அறிக்கைகள் குறைந்தன, மாலையில் பெருகின. சூரிய ஒளியால் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உண்டாகும் ‘டி’ அடுக்கு, அலையின் ஆற்றலை உறிஞ்சுகிறது. மாலையில் அது கலைய, மேலே உள்ள ‘எஃப்’ அடுக்கு அலையைத் திருப்பி அனுப்புகிறது. அயனி மண்டலம் உண்டு என்பதை 1924-இல் சோதனையால் மெய்ப்பித்தவர் ஆப்பிள்டன். 1947-இல் நோபல் பரிசு பெற்றார். நம் தென்கோடி, காந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதி. அங்குள்ள அயனி மண்டலத்தின் தனித்தன்மையை ஆராயவே, 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து நம் நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. அந்த வானத்தைத்தான் நாங்கள் வேப்பமரத்துக் கம்பியால் தொட்டுப் பார்த்தோம்.

முடிவுரை

இயற்பியல் மாணவர்கள் பலருக்கு ஹாம் தேர்வு என்ற ஒன்று இருப்பதே தெரியாது. நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது அதற்குப் படித்து வருகிறேன். நம் கல்லூரியிலிருந்து நான்கைந்து பேர் தேறினால், துறைக்கென ஒரு நிலையமே அமைக்கலாம். விருப்பமுள்ளவர்கள் மாலையில் ஆய்வகத்துக்கு வாருங்கள், சேர்ந்து படிப்போம்.

ஆஸ்திரேலியாச் செய்தியைத் தந்தையிடம் சொன்னபோது அவர் ஒரு மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே, “சுரண்டிப் பத்தவச்சா கேக்கத்தானே செய்யும்” என்றார்.