பெட்டிக்குள் பெட்டி

பனை ஓலையில் முடைந்த பெட்டிகளைப் பெரியதற்குள் சிறியதாக அடுக்கி வைப்பது நம் வழக்கம். கணிப்பொறிக்கு நாம் தரும் விவரங்களும் சில வேளைகளில் இவ்வாறே ஒன்றனுள் ஒன்றாக அமைகின்றன. அவற்றை வலைப்பக்கத்தில் எவ்வாறு காட்டுவது எனக் காண்போம்.

நம் மன்னார் வளைகுடாவையே எடுத்துக்கொள்வோம். 1986ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இப்பகுதியின் தீவுகள் 21. மண்டபம் குழுவில் 7, கீழக்கரைக் குழுவில் 7, வேம்பார் குழுவில் 3, தூத்துக்குடிக் குழுவில் 4 என அவை பிரிக்கப்பட்டுள்ளன. இருபத்தொரு பெயர்களையும் ஒரே வரிசையில் எழுதிவிட்டால், குருசடை எக்குழு, நல்லதண்ணி எக்குழு என்று யார் அறிவார்?

ஆகவே அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் எண், பெயர், தாய் எண் என மூன்று கட்டங்கள் அமைப்போம். வளைகுடாவின் எண் 1. அதற்குத் தாய் இல்லை. மண்டபம் குழுவின் எண் 2. தாய் எண் 1. குருசடையின் எண் 6. தாய் எண் 2. இவ்வாறு வளைகுடா 1, குழுக்கள் 4, தீவுகள் 21 ஆக 26 வரிகள்.

இனி, பக்கத்தை எழுதும் வார்ப்புருவுக்கு மூன்று கட்டளைகள் போதும். முதலாவது: பெயரை எழுது. இரண்டாவது: இந்த எண்ணைத் தாயாகக் கொண்ட வரிகள் உண்டா எனப் பார். மூன்றாவது: உண்டெனில், உள்ளே ஒரு பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு சேய்க்கும் இதே வார்ப்புருவை மீண்டும் அழைத்து, பின் பட்டியலை மூடு. தன்னைத் தானே அழைக்கும் இம்முறைக்குத் தற்சுழற்சி என்று பெயர். நாளை ஒவ்வொரு தீவின் கீழும் அதன் பவளங்களைச் சேர்த்தாலும் வார்ப்புருவை மாற்ற வேண்டியதில்லை.

இது முடிவின்றி ஓடாதா? ஓடாது. குருசடைக்குச் சேய் இல்லை. எனவே மூன்றாம் கட்டளை அங்கு நிகழாது. வேலை அடுத்த தீவுக்குச் செல்லும்.

ஓர் எச்சரிக்கை. கீழக்கரைக் குழுவின் வரியை மட்டும் அழித்துவிட்டால், அதன் ஏழு தீவுகளும் அட்டவணையில் இருந்தும் பக்கத்தில் தோன்றா. தாயிழந்த சேய்களை வார்ப்புரு தேடிச் செல்வதில்லை!

கீழக்கரைக் குழுவின் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிக் குழுவின் விலாங்குச்சல்லியும் கடலில் மூழ்கிவிட்டன. அவற்றின் வரிகளையும் நீக்கலாமா? கூடாது. 'நிலை' என நான்காம் கட்டம் சேர்த்து, 'மூழ்கியது' என்று குறித்து, பெயரருகே அதனையும் எழுதச் செய்வோம். இழந்தவை எவை என்று தெரிந்தால்தானே எஞ்சியவற்றைக் காக்கும் எண்ணம் பிறக்கும்?

மாணவியரே, விடுமுறையில் உங்கள் பாட்டியின் பெயரை எண் 1 என எழுதி, குடும்பத்தார் அனைவருக்கும் இத்தகைய அட்டவணை ஒன்று வரைந்து பாருங்கள். பேத்திகளாகிய நீங்கள் எந்த அடுக்கில் வருகிறீர்கள் என்பது விளங்கும்; பாடமும் மனத்தில் பதியும்.