சுவாலையில் சுடாதீர்கள், தணலில் சுடுங்கள்

அடுப்படிக் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விடயத்தைத்தான் கேட்கின்றன: முற்றத்திலும் கடற்கரையிலும் மீன், கோழி, இறைச்சி சுடுவது எப்படி? மத்திய கிழக்கில் உழைத்துவிட்டுத் திரும்பிய பிள்ளைகள் அல்பஹமையும் மந்தியையும் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். ஆனாலும் வெளியடுப்பு நமக்குப் புதிதல்ல. கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசல் கந்தூரிக்குக் கிடாரம் ஏற்றுவதையும், கலியாண வீட்டுப் பின்வளவில் கல் வைத்து ஆணம் காய்ச்சுவதையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நெருப்பை ஆளத் தெரிந்தவர்களுக்குக் கம்பியில் சுடுவதும் கைவரும். அந்த நம்பிக்கையோடு பதில் சொல்கிறேன்.

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து பார்பிகியூ அடுப்பு ஒன்று செய்யப்போகிறோம். பழைய பரலைப் பாதியாக வெட்டினால் போதுமா? வேறு என்னென்ன தேவை?
— வாசகர், நிந்தவூர்

பதில்: தம்பி, வெட்டுவதற்கு முன் அந்தப் பரலில் முதலில் என்ன இருந்தது என்று கேளுங்கள். கிருமிநாசினி, பெயின்ற், இரசாயனம் இருந்தது என்றால் வேண்டவே வேண்டாம். எண்ணெய் இருந்த பரலானாலும் மூடியோடு வெட்டக்கூடாது. உள்ளே தங்கிய ஆவி தீப்பொறி பட்டு வெடிக்கும். வெல்டிங் பட்டறையில் கழுவித் திறந்து வெட்டித் தரச் சொல்லுங்கள். பிறகு உணவு வைக்காமல் ஒருமுறை பெருநெருப்பு மூட்டி, உள்ளே உள்ள பூச்செல்லாம் எரிந்துபோக விடுங்கள்.

கம்பி விடயத்தில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, துத்தநாகம் பூசிய வேலி வலையை அடுப்பில் போடுவது. கடும் சூட்டில் அந்தப் பூச்சு புகையாக வரும்; அதைச் சுவாசித்தால் காய்ச்சல்போல உடம்பு நடுங்கும். மற்றது, பழைய பிரிஜ்ஜின் கம்பித் தட்டை எடுத்துப் பாவிப்பது. பழைய தட்டுகள் சிலவற்றில் கட்மியம் என்ற நச்சு உலோகம் பூசியிருப்பார்கள். பூச்சில்லாத இரும்புக் கம்பி அல்லது துருப்பிடிக்காத உருக்குக் கம்பிதான் நமக்குச் சரி.

பரல் கிடைக்காவிட்டாலும் கவலை இல்லை. இரண்டு வரிசை செங்கல்லை அடுக்கி, நடுவில் தணலைப் பரப்பி, மேலே கம்பியை வையுங்கள். கம்பிக்கும் தணலுக்கும் இடையில் ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் இருக்கட்டும். கீழ்க்கல்லில் காற்றுப் புக இடைவெளி விடுங்கள். இதுபோக, நீண்ட இடுக்கி ஒன்று, கம்பித் தூரிகை ஒன்று, பச்சை இறைச்சிக்கு ஒரு தட்டு, சுட்டதற்கு வேறு தட்டு, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். கொஞ்சம் காசு மிஞ்சினால் இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி வாங்குங்கள். கண்ணையும் நிறத்தையும் நம்பிச் சுடுவதைவிட அது நூறு மடங்கு மேல்.

நம் கரையின் உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது. சுட்டு முடிந்து கம்பி இளஞ்சூடாக இருக்கும்போதே தேய்த்து, தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து வீட்டுக்குள் எடுத்து வையுங்கள்.

கேள்வி: விறகு நல்லதா, கரி நல்லதா? மண்ணெண்ணெய் ஊற்றாமல் கரியைப் பற்றவைக்க முடியவில்லையே!
— வாசகர், மருதமுனை

பதில்: நம் கைக்கெட்டும் தூரத்தில் உலகமே தேடுகிற கரி இருக்கிறது. சிரட்டைக் கரியை இலங்கை பிற நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறது. அது சூடு கூடியது, புகை குறைந்தது. சிறு துண்டுகளாக இருப்பதால் கீழ்க்கம்பியின் கண் நெருக்கமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். விறகானால் நன்கு காய்ந்த புளியங்கட்டை நல்ல தணல் தரும். பெயின்ற் அடித்த பலகை, பழைய தோணிப் பலகை, பிளாஸ்ரிக் எதுவும் வேண்டாம். அந்தப் புகை மீனில் படிந்து நம் வயிற்றுக்குத்தான் வரும்.

மண்ணெண்ணெய் தேவையே இல்லை. பெரிய பால்மா டின் ஒன்றை எடுத்து அடியை வெட்டிவிட்டு, கீழ்ப்பக்கம் சுற்றிவர விரல் மொத்தத் துளைகள் போடுங்கள். அடியிலிருந்து நாலு விரற்கடை உயரத்தில் இரண்டு கம்பிகளைக் குறுக்கே செருகுங்கள். முதல்முறை வெறும் டின்னை நெருப்பில் வாட்டி அதன் பெயின்றை எரித்துவிடுங்கள். பிறகு அந்தக் கம்பிகளின் மேல் கரியை நிரப்பி, கீழே பன்னாடையும் இரண்டு கடதாசியும் வைத்துக் கொளுத்துங்கள். காற்று கீழே புகுந்து மேலே இழுக்கும். 15 முதல் 20 நிமிடத்தில் கரி முழுவதும் சிவந்து, மேலே வெள்ளைச் சாம்பல் படரும். அதற்குப் பிறகுதான் அடுப்பில் கொட்ட வேண்டும். கறுப்புக் கரி தெரியும் மட்டும் உணவை வைக்காதீர்கள்.

தணல் எவ்வளவு சூடு என்று அறிய உள்ளங்கையைக் கம்பிக்கு மேல் ஒரு சாண் குறைய வைத்து எண்ணுங்கள். இரண்டு மூன்று எண்ணுவதற்குள் கையை எடுக்க வேண்டியிருந்தால் கடும் சூடு. ஐந்துவரை தாங்கினால் நடுத்தரம். எட்டுவரை தாங்கினால் மெல்லிய சூடு.

எரிகிற கரிக்கு மேல் மண்ணெண்ணெயோ பெற்றோலோ ஊற்றுவது கையையும் முகத்தையும் பறிகொடுக்கிற வேலை. நெருப்பருகே நைலோன் உடுப்பும் வேண்டாம். அது உருகித் தோலில் ஒட்டும். உங்கள் ஊர்க் கைத்தறிப் பருத்திச் சாரத்தைவிட இதற்குப் பொருத்தமான உடுப்பு வேறில்லை.

கேள்வி: மீன் சுட்டால் கம்பியில் ஒட்டி உடைந்து போகிறது. எந்த மீன் சுடுவதற்கு நல்லது?
— வாசகி, சாய்ந்தமருது

பதில்: மகள், பாரை, விளைமீன், அறுக்குளா மூன்றும் சதைப்பிடிப்பான மீன்கள், கம்பியைத் தாங்கும். ஒட்டுவதற்குக் காரணம் ஈரமும் அவசரமும். கழுவிய மீனைத் துணியால் ஒற்றி நன்றாக உலர்த்துங்கள். இரண்டு பக்கமும் எலும்புவரை மூன்று கீறல் போட்டு, உப்பு, மஞ்சள், அரைத்த உள்ளி, மிளகு, கொச்சிக்காய்த்தூள் பூசி அரை மணித்தியாலம் வையுங்கள். தேசிக்காய்ப் புளியை இறக்கும்போது பிழிந்தால் போதும். முன்பே ஊற்றி ஊறவிட்டால் சதை வெளிறி உதிரும்.

கம்பி நன்றாகச் சூடாகிய பிறகு அதற்கும் மீனுக்கும் எண்ணெய் தடவி வையுங்கள். வைத்ததும் கிண்டாதீர்கள். தோல் மொறுகியதும் மீன் தானாகவே கம்பியை விடும். விடவில்லை என்றால் இன்னும் வேகவில்லை என்று பொருள். ஒரேயொரு தடவை திருப்பினால் போதும். முள்ளருகே சதை கண்ணாடித்தன்மை நீங்கி வெள்ளையாகிப் பிரிந்தால் இறக்கலாம். சூடை, கீரி போன்ற சிறு மீன்களை வாட்டிய வாழையிலையில் பொதிந்து, ஈர்க்கில் குத்தித் தணலில் வையுங்கள்.

சூரைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பிடித்தவுடன் ஐஸில் போடாத சூரையில் ஹிஸ்ரமின் என்ற பொருள் உருவாகும். சுட்டாலும் பொரித்தாலும் அது அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலை வலிக்கும். கரைவலை இழுக்கும் இடத்தில் நின்று வாங்கினாலும் ஐஸ் பெட்டியோடு போங்கள்.

கேள்வி: கோழி வெளியே கருகுகிறது, உள்ளே பச்சையாக இருக்கிறது. கடைக்காரர்களுக்கு மட்டும் எப்படிச் சரியாக வருகிறது?
— வாசகர், அக்கரைப்பற்று

பதில்: தணலை அடுப்பு முழுவதும் பரப்புவதால்தான் இப்படி ஆகிறது. தணல் முழுவதையும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மறுபக்கம் வெறுமையாக இருக்கட்டும். தணல் உள்ள பக்கத்தில் கோழியை இரண்டு பக்கமும் நிறம் வரும்வரை வாட்டி, பிறகு வெறும் பக்கத்துக்கு மாற்றி மூடிவிடுங்கள். மூடி இல்லாவிட்டால் பெரிய இரும்புத் தாச்சியைக் கவிழ்த்து வைக்கலாம். உள்சூடு மெதுவாக எலும்புவரை போகும். கொழுப்பு வடிந்து சுவாலை எழுந்தால் தண்ணீர் அடிக்காதீர்கள், சாம்பல் பறந்து கோழியில் படியும். துண்டை மறுபக்கம் நகர்த்துங்கள்.

தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் வெப்பமானியைக் குத்தினால் 74 பாகை செல்சியஸ் காட்ட வேண்டும். இளஞ்சிவப்பு போய்விட்டதே என்று நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். தேன், சீனி, சோஸ் பூசுவதானால் கடைசி ஐந்து நிமிடத்தில் பூசுங்கள். முன்பே பூசினால் அதுதான் முதலில் கருகும். பச்சைக் கோழி ஊறிய மசாலாவை மேலே தடவ வேண்டுமானால் கொதிக்கவைத்துத் தடவுங்கள். பச்சைக் கோழியை வைத்த தட்டில் சுட்ட கோழியைத் திருப்பி வைப்பதுதான் நம் விருந்துகளில் வயிற்றோட்டம் வரும் வழி.

கேள்வி: ஹஜ்ஜுப் பெருநாள் இறைச்சியை அன்றே சுட்டோம். ரப்பர்போல இருந்தது. ஏன்?
— வாசகி, சம்மாந்துறை

பதில்: அறுத்த சில மணித்தியாலத்தில் மாட்டின் தசை விறைத்துவிடும். அந்த நேரத்தில் சுட்டால் எந்த மசாலாவாலும் மெதுமையாக்க முடியாது. அன்று ஈரலைச் சுடுங்கள். இறைச்சியைப் பிரிஜ்ஜில் ஒரு நாளாவது வைத்து விறைப்புத் தளர்ந்த பிறகு எடுங்கள். உழ்ஹிய்யா இறைச்சியைப் பங்கிட்டு அனுப்பிய களைப்பும் அதற்குள் ஆறிவிடும்.

தசையின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்காக வெட்டுங்கள். உங்கள் பக்கம் கிடைக்கும் கெட்டி எருமைத் தயிரில் இஞ்சி, உள்ளி, வறுத்த மல்லி, சீரகம் கலந்து ஒரு இரவு ஊறவிடுங்கள். பப்பாசிக்காயும் மெதுமையாக்கும். ஆனால் ஒரு கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி அரைத்த விழுது போதும், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கவேண்டாம். வைத்தால் இறைச்சி களியாகிவிடும். சுட்டு இறக்கியதும் ஐந்து நிமிடம் ஆறவிட்டு வெட்டினால் சாறு உள்ளேயே தங்கும். கொத்திறைச்சியில் செய்த கபாப் மட்டும் நடுவரை நன்றாக வேக வேண்டும், 71 பாகைக்குக் குறையாமல்.

கேள்வி: மருமகன் கட்டாரிலிருந்து கேஸ் கிரில் கொண்டுவந்திருக்கிறார். அதை இங்குள்ள சிலிண்டரோடு பூட்டப் பயமாக இருக்கிறது.
— வாசகி, அட்டாளைச்சேனை

பதில்: உங்கள் பயம் நியாயமானது, தங்கச்சி. 2021 கடைசியில் நாட்டின் பல இடங்களில் கேஸ் அடுப்புகள் வெடித்ததை மறக்க முடியுமா? வெளிநாட்டு ரெகுலேற்றர் நம் சிலிண்டரின் வாயில் பொருந்தாது என்றால் வலிந்து பூட்ட வேண்டாம். கிரில்லின் அடியில் எழுதியுள்ள வாயு அழுத்தத்தைக் கேஸ் முகவரிடம் காட்டி, அதற்கேற்ற ரெகுலேற்றரும் புதிய ஹோஸும் கிளிப்பும் வாங்குங்கள். பூட்டியதும் சவர்க்கார நுரையை இணைப்புகளில் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து, அடுப்பிலிருந்து தள்ளி, திறந்த வெளியில் இருக்க வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடப் பாரமானது. தாழ்ந்த இடத்தில் தேங்கி நிற்கும். மூடியைத் திறந்து வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும்.

2022 தட்டுப்பாட்டில் கேஸ் வரிசையில் நின்ற நாட்களில் நம்மைக் காத்தது விறகும் கரியும்தான். ஆகவே கேஸ் கிரில் வந்தாலும் கரியடுப்பை எறிந்துவிடாதீர்கள்.

கேள்வி: கடற்கரையில் சுடும்போது காற்று பெரிய தொல்லை. மிஞ்சும் தணலை மண்ணில் புதைத்தால் போதுமா?
— வாசகர், கல்முனை

பதில்: போதாது. புதைக்கவே கூடாது. என் பேரனுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, யாரோ முன்தினம் மாலை புதைத்துவிட்டுப் போன தணலில் காலை வைத்தான். மேலே மண் சாதாரணமாகத்தான் இருந்தது. உள்ளங்கால் கொப்பளித்து மூன்று கிழமை நடக்கவில்லை. மண் தணலை அணைக்காது, போர்த்தி வைக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, கையால் தொட்டுப் பார்த்துக் குளிர்ந்ததும் வாளியில் அள்ளிக்கொண்டு போங்கள்.

கச்சான் காற்றுக் காலத்தில் பொறி எங்கே பறக்கும் என்று முதலில் பாருங்கள். கிடுகு வேலி, கூரை, காய்கிற வலை, தோணி எதுவும் காற்றுப் போகும் திசையில் இருக்கக்கூடாது. காற்று வரும் பக்கம் செங்கல்லோ தகரமோ மறைப்பாக வையுங்கள். பலமாக வீசும் நாளில் கடற்கரையை விட்டு மதில் உள்ள முற்றத்துக்கு மாறுங்கள். கொண்டுபோகும் இறைச்சி ஐஸிலேயே இருக்கட்டும். நம் வெயிலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே கிடந்தது உண்ணத் தகுந்ததல்ல.

மாரியில் மழை பிடித்துக்கொண்டால் கரியடுப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போவதைப் பலர் சாதாரணமாகச் செய்கிறார்கள். தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பூட்டிய அறையில் அது தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். மழை வந்தால் அடுப்பை அணையுங்கள், சாப்பாட்டை உள்ளே கொண்டுபோய் முடியுங்கள்.

எல்லாக் கடிதங்களுக்கும் பொதுவாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். விலையுயர்ந்த அடுப்பு வாங்கியவர் கருக்கிய கோழியையும், செங்கல் அடுக்கிச் சுட்டவர் இறக்கிய அருமையான பாரையையும் நான் தின்று பார்த்திருக்கிறேன். சுவாலை தணிந்து வெள்ளைச் சாம்பல் படரும்வரை அந்த இருபது நிமிடம் பொறுத்திருங்கள். பிள்ளைகளை நெருப்பிலிருந்து நாலு எட்டுத் தள்ளி இருத்துங்கள். சுட்டதில் முதல் பங்கு, புகை போன பக்கத்து வீட்டுக்குப் போகட்டும்.