என்ன படகு வேணும்னு கேட்டது யாரு?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

2005-ஆம் ஆண்டின் தொடக்கம். சுனாமி வந்து போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. குளச்சலுக்குப் போகும் வழியில் சாலையோரம் துணி குவிந்து கிடந்தது. குவியலின் உச்சியில் கழுத்துவரை பொத்தான் வைத்த ஒரு கம்பளிச் சட்டை. மார்கழியிலும் மின்விசிறி ஓடும் கடப்புறத்துக்கு யாரோ பிரியமாக அனுப்பியது. அதன்மேல் ஓர் ஆடு சொகுசாகப் படுத்திருந்தது.

கரையில் வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "சாரே, படகு தாறோம்னு நாலு கூட்டம் வந்தாவ. என்ன படகு வேணும்னு ஒருத்தரும் கேக்கல்ல" என்றார்.

வெளிநாட்டு உதவி பற்றி நம் டீக்கடைகளில் உலவும் சில நம்பிக்கைகளை அவர் சொன்னதை வைத்தே உரசிப் பார்க்கலாம்.

நம்பிக்கை 1: சுனாமிக்கு வெளிநாட்டு அரசுகள் பணத்தைக் கொட்டின.

உண்மை: மன்மோகன் சிங் அரசு, பிற அரசுகள் நேரடியாகத் தர முன்வந்த நிவாரண உதவியை ஏற்கவில்லை. நம்மால் சமாளிக்க முடியும் என்று சொன்னது. அதே நாட்களில் நம் கடற்படைக் கப்பல்கள் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் நிவாரணப் பொருள்களோடு போயின. நம் கரைக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தில் ஒரு பகுதி தொண்டு நிறுவனங்கள் திரட்டியது. இன்னொரு பகுதி உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் தந்தது. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமாக உலக வங்கி தந்த 46.5 கோடி டாலர் கடன்தான், தானமல்ல. வட்டி குறைவு, தவணை நீளம், அவ்வளவே.

படகுக் கதை வேறு. நன்கொடையாளருக்குப் படம் எடுத்து அனுப்பப் படகைப்போல் வாகான பொருள் இல்லை. வரிசையாக நிறுத்தி, பெயர் எழுதி, நாடா வெட்டலாம். அதனால் தமிழகக் கரையில் பல ஊர்களில் சுனாமிக்கு முன்பு இருந்ததைவிட அதிகமான ஃபைபர் படகுகள் வந்து சேர்ந்தன. மீன் மட்டும் கூடவில்லை.

நம்பிக்கை 2: நார்வேக்காரன் நம் இறாலைக் கொண்டுபோகத்தான் வந்தான்.

உண்மை: இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்திய-நார்வே மீன்வளத் திட்டத்துக்கு 1952-இல் ஒப்பந்தம் ஆனது. அடுத்த ஆண்டு கொல்லத்துக்கு அருகே நீண்டகரை, சக்திகுளங்கரை கரைகளில் வேலை தொடங்கியது. அப்போது அது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். 1956 நவம்பர் 1 வரை குமரி மாவட்டத்துக்காரர்களான நாமும் அதற்குள்தான் இருந்தோம். வளரும் நாடொன்றில் நார்வே கைவைத்த முதல் உதவித் திட்டம் அது.

ஒப்பந்தத்தில் எழுதியிருந்த நோக்கங்களில் ஏற்றுமதி முன்னால் நிற்கவில்லை. மீனவர் வருமானம் உயர வேண்டும், உள்ளூருக்கு நல்ல மீன் கிடைக்க வேண்டும், கரையில் சுகாதாரமும் குடிநீரும் வேண்டும் என்பவையே நோக்கங்கள். சுகாதார நிலையமும் வந்தது, குழாய்த் தண்ணீரும் வந்தது, ஐஸ் ஆலையும் வந்தது.

திசை மாறியது சந்தையால். அதே 1953-இல் கொச்சியிலிருந்து உறைய வைத்த இறால் அமெரிக்காவுக்குக் கப்பலேறத் தொடங்கியது. யாரும் பெரிதாக மதிக்காத இறாலுக்கு டாலர் விலை கிடைத்ததும், தனியார் முதலாளிகளும் நம் அரசுகளும் அதன் பின்னால் போனார்கள். உள்ளூர்ச் சட்டிக்கு மீன் என்று தொடங்கிய திட்டம், கடலடியை வாரி இழுக்கும் இழுவை மடியில் போய் முடிந்தது. விசைப்படகுகள் கரையை ஒட்டி வந்து மேய்ந்தன, கட்டுமரக்காரன் வலை அறுந்தது, கடலில் கைகலப்பானது. 1983-இல் தமிழ்நாடு சட்டம் போட்டு, கரையிலிருந்து மூன்று கடல் மைல் தூரத்தைப் பாரம்பரிய மீனவர்களுக்கு ஒதுக்கியது. 1988-இல் கேரளம் மழைக்கால இழுவை மீன்பிடிப்பை நிறுத்தி வைத்தது.

பழியை நார்வே தலையில் மட்டும் கட்டினால் நாம் சுலபமாகத் தப்பிவிடுகிறோம். பாதி வழியில் முன்னுரிமையை மாற்றியது நாமும்தான்.

நம்பிக்கை 3: கோடிகள் இல்லாவிட்டால் அது உதவியே இல்லை.

உண்மை: முட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். 1970-களின் பின்பகுதியில் கட்டுமரத்துக்கு ஏற்ற மென்மரம் கிடைப்பது அரிதாகி, விலையும் ஏறிக்கொண்டிருந்தது. இது கரையிலிருந்து எழுந்த பிரச்சினை. எந்தத் தலைநகரத்திலும் எழுதிய திட்டம் அல்ல. கோட்டாறு சமூக சேவை சங்கத்தின் ஊக்கத்தோடு, பெல்ஜியம் பொறியாளர் பியர் ஜிலே முட்டத்தில் தங்கி வேலை பார்த்தார். பொருளியலாளர் ஷூமாக்கர் தொடங்கிய பிரிட்டிஷ் அமைப்பொன்றின் நிபுணர்களும் துணை நின்றார்கள்.

பிளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் துணிபோலத் தைத்து, மூட்டுகளில் ரெசினும் கண்ணாடி இழையும் பூசி வள்ளம் செய்தார்கள். அது அலையைக் குத்திக்கொண்டு ஏற வேண்டும், கவிழ்ந்தாலும் முங்கக் கூடாது, திரும்பி வந்ததும் நாலு பேர் மணலில் இழுத்துப் போட முடிய வேண்டும். நிபந்தனை விதித்தவர்கள் கடலுக்குப் போகிறவர்கள். முதல் முயற்சிகள் சறுக்கின, திருத்தினார்கள். ஜிலே 1985-இல் எழுதிய புத்தகத்தின் பெயரே இதைச் சொல்லிவிடும்: 'சிறியதே அழகு' என்ற ஷூமாக்கரின் தலைப்பைத் திருப்பிப் போட்டு, 'சிறியது கடினம்' என்று வைத்தார்.

நம்பிக்கை 4: வெளியிலிருந்து யாராவது கற்றுக்கொடுத்தால்தான் மீனவன் மாறுவான்.

உண்மை: இரயுமன்துறையிலிருந்து நீரோடி வரையுள்ள தூத்தூர்ப் பகுதி ஊர்களைக் கேளுங்கள். சுறாவும் சூரையும் தேடி ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கித் தூண்டில் போடும் தொழிலை, சொந்தக் கடனிலும் சொந்தத் துணிவிலும் வளர்த்தவர்கள் அவர்கள். கொச்சியிலிருந்து குஜராத் வரை அவர்களுக்குக் கரை உண்டு. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் வந்தபோது அந்த ஊர்களுக்கு முதலில் தேவைப்பட்டது இன்னொரு படகு அல்ல. ஆழ்கடலில் கிடப்பவனுக்கு நேரத்தோடு எட்டும் ஓர் எச்சரிக்கை.

நம்பிக்கை 5: நாம் வாங்குகிற நாடு, கொடுப்பது பணக்கார நாடுகளின் வேலை.

உண்மை: 1964 முதலே இந்தியா மற்ற நாட்டவரை அழைத்துப் பயிற்சி தருகிறது. இப்போது கடனும் தருகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் செனகலின் நெல் வயல்களுக்குத் தண்ணீர் இறைக்க இந்தியக் கடனில் பம்புகள் போயின. நாஞ்சில் நாட்டானுக்கு அதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத வயலை அவன் பார்த்திருக்கிறான்.

அதே இந்தியக் கடனில் கானாவின் தலைநகர் அக்ராவில் 2008-இல் ஓர் அதிபர் மாளிகையும் எழுந்தது. இப்போது எங்களுக்கு மாளிகைதான் கேடா என்று அந்த நாட்டிலேயே சண்டை நடந்தது. மாளிகையைக் கேட்டது கானா அரசு. கொடுத்தது நம் எக்ஸிம் வங்கி. தாள்கள் எல்லாம் சரியாகவே இருந்திருக்கும்.

அக்ராவில் ஜேம்ஸ் டவுன் என்றொரு கடப்புறம் உண்டு. வண்ணம் தீட்டிய நீள வள்ளங்களை மணலில் இழுத்துப் போட்டு, அங்கேயும் ஆட்கள் உட்கார்ந்து வலை பின்னுகிறார்கள். கடன் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், நம் ஆட்கள் யாராவது ஒருவர் அந்த மணலில் போய் உட்கார்ந்து, "என்ன வேணும்?" என்று கேட்டிருக்கலாம். குளச்சல் பெரியவர் நம்மிடம் எதிர்பார்த்ததும் அவ்வளவுதான்.