மாமனார் தினமும் ஸ்டார்ட் பண்ணச் சொல்கிறார்

கேள்வி: ஐயா, போன வாரம் புது கார் எடுத்தோம். பெட்ரோல், கியர் வண்டி. கணவர் சிங்கப்பூரில் இருப்பதால் ஓட்டப்போவது நான்தான். லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. தினமும் காலையில் அரைமணி நேரம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்தி வைத்தால்தான் இன்ஜின் செட் ஆகும் என்கிறார் மாமனார். தெரிந்த மெக்கானிக் 1,000 கிலோமீட்டர் வரை நாற்பதைத் தாண்டாதீர்கள், 500-லேயே ஆயிலை மாற்றிவிடுங்கள் என்கிறார். என் தம்பியோ, முதல் நாளே விரட்டினால்தான் பிக்கப் வரும் என்கிறான். வெள்ளிக்கிழமை கோயிலில் பூஜை. அடுத்த வாரம் கணவரை அழைத்துவர திருச்சி ஏர்போர்ட் போகவேண்டும். யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு வாசகி, கீரமங்கலம்

பதில்: வெள்ளிக்கிழமை முதலில் வருகிறது, அதிலிருந்தே தொடங்குகிறேன் சகோதரி. 2024 தொடக்கத்தில் ஸ்ரீமுஷ்ணத்தில் பூஜை போட்டுவிட்டு நகர்த்திய புது கார் கோயிலுக்குள்ளேயே பாய்ந்தது. 2025 செப்டம்பரில் டெல்லி நிர்மான் விஹாரில், ஷோரூமின் முதல் மாடியில் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றப்போன வண்டி கண்ணாடியை உடைத்துக்கொண்டு தெருவில் விழுந்தது. பழகாத பெடல், சுற்றிலும் கூட்டம், ஒரு நொடிப் பதற்றம். இவ்வளவு போதும். எனவே பழம் வைத்தவர், அர்ச்சகர், குழந்தைகள் எல்லோரும் வண்டிக்கு முன்னாலிருந்து விலகிய பிறகே சாவியைத் தொடுங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்து, கிளட்சை முழுதாக மிதித்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டு, முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டாலே வண்டி நகரும். ஆக்ஸிலேட்டர் தேவையே இல்லை. வலது கால் பிரேக்கின் மேலேயே இருக்கட்டும்.

அன்றாடம் ஸ்டார்ட் செய்யும்போது சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி இரண்டு நொடி பொறுங்கள். பம்ப் பெட்ரோலைத் தள்ளி அழுத்தம் ஏற்றிக்கொள்ளும். இன்ஜின் பிடித்ததும் சிவப்பு ஆயில் விளக்கு அணைய வேண்டும். அரை நிமிடம் ஆனதும் கிளம்பிவிடலாம். நம் ஊர் வெயிலில் ஆயில் இறுகிக் கிடப்பதில்லை. ஸ்டார்ட் ஆன சில நொடியில் மேலே ஏறிவிடும். நின்ற இடத்தில் ரேஸ் பண்ணுவது மட்டும் ஒருபோதும் கூடாது.

மாமனாரின் அக்கறை புரிகிறது. ஆனால் அவர் சொல்லும் அந்த அரைமணி நேரம்தான் புது இன்ஜினுக்குக் கெடுதல். ஏன் என்று தெரிந்துகொள்ள சிலிண்டருக்குள் பார்க்க வேண்டும். அதன் உட்சுவர் வழவழப்பாக இருக்காது. ஆயில் தங்குவதற்காக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத குறுக்குக் கோடுகளைத் தொழிற்சாலையிலேயே கீறியிருப்பார்கள். புதிதாகக் கொத்திய அம்மி மாதிரி அதில் நுண்ணிய முனைகள் நிற்கும். பிஸ்டன் ரிங் உரசி அந்த முனைகளைத் தேய்த்து, சுவரோடு இசைந்து உட்கார வேண்டும். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது பெட்ரோல் எரியும்போது எழும் வாயு அழுத்தம். சும்மா நின்று ஓடும் இன்ஜினில் அந்த அழுத்தம் மிகக் குறைவு. அதோடு குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் போகும். எரியாத மிச்சம் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும். ஹூண்டாய் கையேட்டில் முதல் 1,000 கி.மீ.க்கு மூன்று நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஐடிலில் விடாதீர்கள் என்றே இருக்கிறது. பேட்டரிக்காகத்தான் என்றால், வாரம் ஒன்றிரண்டு தடவை ஆலங்குடி வரை போய்வாருங்கள், அது போதும்.

தம்பி சொல்வதில் பாதி உண்மை. ரிங் உட்கார இன்ஜினுக்குப் பாரம் வேண்டும். ஆனால் விரட்டினால் முனைகள் தேய்வதற்குள் சூடேறி உலோகம் உலோகத்தைக் கீறிவிடும். மெக்கானிக் சொல்லும் நாற்பது, அம்பாஸடரும் ஃபியட்டும் ஓடிய காலத்துக் கணக்கு. அன்று உள்பாகங்கள் இவ்வளவு நுணுக்கமாகக் கடையப்படவில்லை. ஆயிலில் உலோகத் துகள் சேரும், சீக்கிரம் மாற்றினார்கள். இன்று கவனிக்க வேண்டியது வேகமானி அல்ல, ஆர்பிஎம் முள். 2,000-க்கும் 4,000-க்கும் நடுவே என்கிறது ஹூண்டாய். மாருதி சுஸுகி கையேடு முதல் 960 கி.மீ. வரை ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாதீர்கள், உயர்ந்த கியரில் மெதுவாக உருட்டாதீர்கள் என்கிறது. டாப் கியரில் நாற்பதில் உருட்டுவது மென்மையாகத் தோன்றும், இன்ஜினோ திணறிக்கொண்டிருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

திருச்சிப் பயணத்துக்குத் தயங்கவே வேண்டாம். கீரமங்கலத்திலிருந்து ஆலங்குடி வழியாகப் புதுக்கோட்டை வரை ஊர், வேகத்தடை, வளைவு என்று மாறி மாறி வரும். கியரும் அதற்கேற்ப மாறும். இன்ஜின் பழக இதைவிட நல்ல சாலை கிடையாது. புதுக்கோட்டை தாண்டி கீரனூர் வழியாக ஏர்போர்ட் போகும் நெடுஞ்சாலையில்தான் கவனம் தேவை. எண்பதில் நிலையாக வைத்துக்கொண்டு போகத் தோன்றும். அப்படிப் போகாமல் அறுபதிலிருந்து மெல்ல எழுபத்தைந்துக்கு ஏற்றுங்கள், பிறகு காலை எடுத்து கியரிலேயே வேகம் குறைய விடுங்கள். கால் எடுக்கும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் இழுவை, ஆயிலை ரிங் வரை மேலே கொண்டுவரும். ஏசி தாராளமாகப் போடலாம். திரும்பும்போது சிங்கப்பூர்ப் பெட்டிகள் டிக்கியில் அடங்கும் அளவோடு நிற்கட்டும். கூரை மேல் ஏற்ற வேண்டாம். பிரேக்கும் டயரும் புதுசுதான். முதல் 300 கி.மீ. முன்னால் போகும் வண்டிக்கு அதிக இடைவெளி விட்டு, திடீர் பிரேக்கைத் தவிருங்கள்.

ஆயிலை நீங்களாக 500-ல் மாற்ற வேண்டாம். தொழிற்சாலையில் ஊற்றியதைக் குறித்த சர்வீஸ் வரை மாற்றாதீர்கள் என்று ஹோண்டா போன்ற நிறுவனங்கள் கையேட்டிலேயே சொல்கின்றன. முதல் சர்வீஸ் எப்போது என்று புத்தகத்தில் பார்த்து, தேதி தவறாமல் விடுங்கள். ஆனால் அளவைப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ரிங் உட்காரும் வரை இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிப்பது இயல்பு. வாரம் ஒருமுறை, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், சமதரையில் டிப்ஸ்டிக்கைத் துடைத்து விட்டுப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே இருந்தால் சரி. ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் ஓரங்கட்டி உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். அடுத்த ஊர் மெக்கானிக் வரைகூட ஓட்டாதீர்கள். கையேட்டில் இருக்கும் கம்பெனி உதவி எண்ணைக் கூப்பிட்டு வண்டியை ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.