பெல்ட்டுக்கும் பருவம் உண்டு

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. குலசேகரத்து வீட்டுக் கொட்டகையில் 2×72 அங்குல பெல்ட் கிரைண்டரைப் பூட்டிவிட்டாய், ரப்பர் பால்வெட்டுக் கத்தியும் வெட்டுகத்தியும் செய்யத் தொடங்கிவிட்டாய் என்பதில் சந்தோஷம். எந்தக் கம்பெனி பெல்ட் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். கம்பெனிப் பெயர் கடைசியில் வரவேண்டியது, மக்ளே. நம் மாவட்டத்தில் பெல்ட் வாங்குகிறவன் முதலில் பார்க்கவேண்டியது காற்றிலுள்ள ஈரத்தை. அடுத்தது தன் மோட்டாரின் வேகத்தை.

பெல்ட் என்பது துணி, பிசின், அரைக்கும் மணி மூன்றும் சேர்ந்த பண்டம். துணி ஈரத்தைக் குடித்து விரியும். மணியும் பிசினும் சேர்ந்த மேல்பக்கம் அந்த அளவுக்கு விரியாது. அதனால் ஓரம் வளைந்துகொள்ளும், பெல்ட்டைப் பின்னால் தாங்கும் பிளாட்டன் தகட்டின்மேல் படிந்து ஓடாது. வெயிலும் ஈரமும் மாறிமாறிப் படும்போது ஜாயிண்டில் உள்ள பசையும் தளரும். ஓடும்போது ஜாயிண்ட் விட்டால் பெல்ட் சாட்டைபோல் வந்து கையில் அடிக்கும். ஆகையால் இது பண நஷ்டம் மட்டும் அல்ல.

பெல்ட் செய்கிறவர்கள் பொதுவாகக் கேட்பது 20 டிகிரியை ஒட்டிய வெப்பமும் 40 முதல் 60 சதவீத ஈரப்பதமும். ஆனியில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டையும் வாங்கிக்கொள்ளும் ஊரில் இதை எங்கே போய்த் தேடுவது? அதனால்தான் சொல்கிறேன், மொத்தமாக வாங்காதே. கும்பப்பூ அறுப்பு முடிந்து, மாசி பங்குனியில் காற்று கொஞ்சம் காய்ந்திருக்கும்போது வாங்கு. அடுத்த சாரலுக்கு முன் எவ்வளவு தேய்ப்பாயோ அந்த அளவு போதும். ஐம்பது எடுத்தால் விலை குறையும் என்று கடைக்காரர் சொல்வார். அந்த லாபத்தை ஐப்பசி மாதம் வந்து எடுத்துக்கொண்டு போய்விடும்.

கடையிலும் கண்ணை வைத்துக்கொள். வாசலில் ஆணியில் தொங்கி வெயில் காயும் பெல்ட், மூட்டைக்கடியில் மடங்கிக் கிடக்கும் பெல்ட் இரண்டும் வேண்டாம். ஒருமுறை மடிந்த இடத்தில் மணிப்படலம் வெடித்திருக்கும். பெட்டியில் தயாரித்த தேதி இருந்தால் பார். ஜாயிண்டின் பசைக்கும் வயது உண்டு.

வீட்டில் எங்கே வைப்பது? கொட்டகையில் வேண்டாம். தகரக் கூரையின் சூடும், இரும்பைத் தோய்க்கிற வாளியின் ஆவியும் அங்கேதான். சிமெண்ட் தரை, மழை அடிக்கிற வெளிச்சுவர் இரண்டையும் ஒட்டி வைக்காதே. உங்கள் வீட்டில் நெல் போடாத பழைய பத்தாயம் இருக்குமானால் அதைவிட நல்ல இடம் இல்லை. தரையிலிருந்து உயர்ந்தது, தடித்த மரம், உள்ளே வெப்பமும் ஈரமும் மெதுவாகத்தான் மாறும். நெல்லை நமுக்காமல் வைக்க நம் முன்னோர் செய்த ஏற்பாட்டை ஆக்கர்க்காரனுக்கு எடைக்குப் போடுகிற வீடுகளை நினைத்தால் எனக்கு ஆற்றாமைதான். பத்தாயத்துக்குக் குறுக்கே 4 அங்குல பி.வி.சி. குழாயைப் பொருத்தி அதில் பெல்ட்டைத் தொங்கவிடு. 72 அங்குல பெல்ட் தொங்கினால் 3 அடிதான். ஆணியிலோ மெல்லிய கம்பியிலோ மாட்டினால் அந்த இடத்தில் மடிப்பு விழும்.

பத்தாயம் இல்லையென்றால் இறுக மூடும் பிளாஸ்டிக் டிரம்மும் சிலிக்கா ஜெல் பையும். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால் வெறும் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம். ஆனால் அள்ளிக் கொட்டாதே. மிதமிஞ்சிக் காய்ந்த பெல்ட்டும் விறைத்து வெடிக்கும். ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டர் ஒன்றை உள்ளே போட்டுவை. நாளை தேய்க்கப்போகிற பெல்ட்டை இன்றே எடுத்து மெஷின் பக்கத்தில் தொங்கவிட்டால் சுருள் விட்டுப்போகும்.

இனி மணி. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் பிரித்தெடுக்கும் கனிமங்களில் கார்னெட்டும் சிர்கானும் உண்டு. கார்னெட் மரம் தேய்க்கும் தாளில் வரும். எஃகுக்கு அதன் கடினம் போதாது. சிர்கானிலிருந்து கிடைக்கும் சிர்கோனியாவை அலுமினாவோடு சேர்த்து உருக்கினால் எஃகு தின்கிற பெல்ட்டின் மணி. கைப்பிடிக்கு அயினி மரமோ பனை வைரமோ தேய்க்கச் சாதாரண அலுமினியம் ஆக்சைடு போதும். கல்லுக்கும் கண்ணாடிக்கும் சிலிக்கான் கார்பைடு.

எல்லோரும் உனக்குச் செராமிக் பெல்ட்தான் சொல்வார்கள். நல்ல பெல்ட்தான், விலையும் அதிகம். ஆனால் செராமிக் மணி அழுத்தமும் வேகமும் கிடைத்தால்தான் நுணுக்கமாக உடைந்து புது முனை காட்டும். வினாடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடவேண்டும். 1440 ஆர்.பி.எம். மோட்டாரில் 4 அங்குலச் சக்கரம் போட்டால் பெல்ட் வினாடிக்கு 8 மீட்டர்கூட ஓடாது. 2880 மோட்டாரில் 6 அங்குலச் சக்கரம் என்றால் 23 மீட்டர். அந்த 1440 மெஷினில் செராமிக் போட்டால் மணி உடையாமல் வழவழத்துப்போகும். அதற்குச் சிர்கோனியாவே உத்தமம்.

நம்பரில் ஆசைப்படாதே. 60, 120, 240, 400 போதும். நம்பர் ஏறினால் மணி சிறுக்கும்: பி60 மணி ஏறக்குறைய 270 மைக்ரான், பி120 மணி 125, பி400 மணி 35. ஒவ்வொன்றும் முந்தியதன் கோட்டை முழுக்க அழித்த பிறகே அடுத்ததற்குப் போ. பால்வெட்டுக் கத்தியின் வளைந்த உள்வாய்க்கு விறைத்த துணி ஒத்துவராது. ஜே என்று குறித்த நெகிழ்வான துணியில் 240, 400 இரண்டையும் தனியாக வாங்கு. வெட்டுகத்திக்கு எக்ஸ் அல்லது ஒய் துணி. முதுகில் அம்புக்குறி இருந்தால் அந்தத் திசையிலேயே ஓட்டு, இல்லையென்றால் ஜாயிண்ட் பெயரும்.

உலையில் அடித்த லாரி ஸ்பிரிங் பட்டையில் கருஞ்செதிள் படிந்திருக்கும். புது பெல்ட்டைக் கொல்வது அதுதான். ஓர் இரவு வினிகரில் ஊறப்போடு, அல்லது தேய்ந்த பெல்ட்டால் அதை எடு. தேய்ந்த பெல்ட்டுக்கு வேலை அவ்வளவுதான். துவைச்சல் கொடுத்த கத்தியில் அதை வைத்து இன்னும் கொஞ்சம் ஓட்டுவோம் என்று அழுத்தினால் அது வெட்டாது, உரசிச் சூடாக்கும். விளிம்பு 300 டிகிரியைத் தொட்டால் நீலம் பாயும், வாய் கடினம் இழந்துபோகும். பிறகு மறுபடி உலைக்குத்தான். கையுறை இல்லாமல் பிடி. கை சுட்டால் உடனே கத்தியைத் தண்ணீரில் முக்கு.

மரத்தூள் கிடக்கிற தொட்டியில் எஃகுப் பொறி விழக்கூடாது. மாஸ்க் இல்லாமல் ஒரு நிமிடமும் தேய்க்காதே.

கம்பெனி கேட்டாயே, 1954-இல் தொடங்கிய நம் சென்னைக் கார்போரண்டம் யுனிவர்சல் முதல் வெளிநாட்டுப் பெயர்கள்வரை எதுவானாலும் தொடங்கப் போதும். உன் மோட்டார் தகட்டில் உள்ள ஆர்.பி.எம்மையும் சக்கரத்தின் விட்டத்தையும் எழுதி அனுப்பு. செராமிக் வாங்கலாமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை சிர்கோனியா 60-இல் ஐந்து மட்டும் வாங்கிக்கொள்.

அன்புடன்,
உன் அண்ணாச்சி