இரு பாதைக்கும் ஒரு வண்டி

மும்பையின் காட்கோபர் வழியே கிழக்கு விரைவு நெடுஞ்சாலை செல்கிறது. அதில் தாணேயைக் கடந்து நாசிக் சாலையில் சென்றால் சஹ்யாத்திரி மலைத்தொடரை அடையலாம். மழைக்காலத்தில் நகரத் தெருவில் குழிகள். மலையடியில் சேறும் கல்லும். இவ்விரண்டிலும் ஓடுவதற்கென்றே சில மோட்டார் சைக்கிள்கள் உருவாக்கப்படுகின்றன.

இந்தியாவில் 2011ஆம் ஆண்டு ஹீரோ இம்பல்ஸ் வெளிவந்தது. 2019இல் எக்ஸ்பல்ஸ் 200 வந்தது. இதன் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே 220 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. முன்சக்கரம் 21 அங்குலம். பெரிய சக்கரம் குழியில் சிக்காமல் ஏறிக் கடக்கும்.

மண்பாதையில் வண்டி சாய்வது இயல்பு. சாய்ந்த வண்டியை ஒருவரே தூக்கி நிறுத்த இயலவேண்டும். ஆதலால் அங்கு எடை குறைந்த வண்டியே நல்ல துணை. சேற்றில் இறங்குமுன் டயரின் காற்றைச் சற்றே குறைப்பர். டயர் அகலமாகப் படிந்து பிடிப்புத் தரும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் காற்றடைத்தல் வேண்டும்.

இத்தகைய வண்டியை ஓட்ட 18 வயது நிறைந்து உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். சிறுவர் ஓட்டினால் பெற்றோரும் தண்டிக்கப்படுவர் என்கிறது 2019ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம். பின்னால் அமர்வோர்க்கும் தலைக்கவசம் கட்டாயம். ஆசை காத்திருக்கலாம், உயிர் திரும்பி வாராது.

சொற்பொருள்: உரிமம் – அரசு தரும் அனுமதி, இயல்பு – வழக்கமாக நிகழ்வது.

சிந்தித்து எழுதுக: மண்பாதைக்கு எடை குறைந்த வண்டி ஏற்றது, ஏன்?