அச்சுக்குச் செல்லும் கோப்பு

பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய காலத்தில், எழுதியவர் கண்ட எழுத்து எதுவோ அதுவே படிப்பவர் கண்ட எழுத்தும் ஆகும். பெயர்த்தெழுதுவோர் பிழை செய்தல் உண்டு. ஆயினும் ஓர் ஓலை கைமாறுவதனால் அதிலுள்ள எழுத்து மாறுவதில்லை. ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்திலும் கோத்த எழுத்தே தாளில் பதிந்தது. இக்காலத்து நிலை வேறு. கணினித் திரையில் நாம் காணும் பக்கம், 'இவ்விடத்தில் இவ்வெழுத்தை இவ்வளவு பெரிதாக இடுக' என்னும் கட்டளைகளின் தொகுதியே ஆகும். அக்கட்டளைகளை நிறைவேற்றுதற்குரிய பொருள்கள் அச்சகத்தார் கணினியிலும் இருந்தாலன்றி, நாம் கண்டது அங்கே தோன்றாது. இதனை யான் பொருள் இழந்து கற்றேன்.

பணியினின்று ஓய்வு பெற்றபின் மாணவர் பொருட்டு இலக்கணச் சிறுநூல் ஒன்று எழுதினேன். வீட்டுக் கணினியிலேயே பக்கங்களை அமைத்து, அக்கோப்பை மட்டும் அச்சகத்திற்கு அனுப்பினேன். எடுத்துக்காட்டுச் சொற்களுக்கு யான் வைத்திருந்த தடித்த எழுத்துரு அவர்களிடம் இல்லை. கணினி அதற்கு ஈடாக வேறொன்றைத் தானே எடுத்துக்கொண்டது. அவ்வெழுத்துருவில் ஆய்தத்திற்குரிய இடம் வெறுமையாய் இருந்தது. மெய்ப்பு வந்தபோது யான் முதல் பதினாறு பக்கங்களைப் படித்து, எஞ்சியவற்றைப் புரட்டிப் பார்த்துக் கையொப்பம் இட்டுவிட்டேன். பிழை என்னுடையதே. 500 படிகள் வந்து சேர்ந்தன. ஆய்தத்தைப் பற்றிய இயலில் ஆய்தத்தையே காணோம்! 'எஃகு' என்பது 'எ கு' என்றும், 'அஃறிணை' என்பது 'அ றிணை' என்றும் நின்றன. எண்ணினேன்; ஒரு படிக்கு 43 இடங்கள்; 500 படிகளுக்கு 21,500 இடங்கள். மறுபதிப்புக்கு ஓய்வூதியம் இடந்தராமையால், யானும் என் பேரனும் பேனாவினால் புள்ளி வைக்கத் தொடங்கினோம். இடத்திற்கு மூன்று புள்ளி.

மாணவர்களே! தமிழ் எழுத்துக்கு இவ்விடர் ஆங்கிலத்தினும் மிகுதியாக நேர்ந்தது ஏன் எனில், முன்னாளில் எழுத்துரு செய்தோர் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழெழுத்துகளைத் தத்தமக்கு ஏற்றவாறு அமைத்துக்கொண்டனர். ஒருவர் வைத்த இடத்தில் மற்றவர் வைத்திலர். 1999 ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு டாம், டாப் என்னும் இரு குறிமுறைகளை ஏற்றது. 2010 ஆம் ஆண்டு ஒருங்குறியையும் டேஸ்-16 என்னும் முறையையும் ஏற்றது. ஒருங்குறி பரவியபின் இவ்விடர் பெரிதும் குறைந்தது, முற்றும் ஒழிந்திலது. பக்கம் அமைக்கும் மென்பொருளில் இந்திய மொழிகளுக்குரிய வரியமைப்பைத் தெரிந்தெடுக்காவிடின், 'கெ' என்பதன் கொம்பு முன்னே நில்லாது பின்னே சென்று நிற்றலும் உண்டு.

ஆதலின் பக்கக் கோப்பினைப் பி.டி.எஃப். ஆக்கி, அதனுள் எழுத்துருக்களைப் பொதிந்து அனுப்புதல் வேண்டும். பொதிந்துள்ளனவா என்பதை, அக்கோப்பின் பண்புகளைக் காட்டும் பகுதியில் உள்ள எழுத்துருப் பட்டியலால் அறியலாம். அச்சுக்கென்றே வகுக்கப்பட்ட பி.டி.எஃப்.-எக்ஸ் என்பது 2001 முதல் பன்னாட்டுத் தரமாக விளங்குகிறது. எழுத்துரு பொதியாத கோப்பு அத்தரத்திற்கு உடன்படாது.

இனி வண்ணம். திரை ஒளியால் காட்டுவது. அதற்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்றும் மூலம். அச்சு மையால் காட்டுவது. அதற்குச் சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்னும் நான்கும் மூலம். திரையில் மின்னும் பச்சை தாளில் சற்று மங்கியே தோன்றும். அனுப்புமுன் நான்மை முறைக்கு மாற்றிப் பார்த்துக்கொண்டால் பின்னர் அச்சகத்தாரோடு வழக்காட நேராது. எழுத்துகளுக்கோ கருப்பு ஒன்றே போதும். நான்கு மையும் கலந்து எழுத்தை அமைத்தால், ஒரு பிளேட்டு மயிரிழை விலகினும் ஓரத்தில் வண்ண நிழல் படியும். மெய்யெழுத்தின் தலைப்புள்ளி மங்கும். படங்களுக்கு, அச்சில் வரும் அளவில் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வேண்டும். 1,200 புள்ளி அகலமுள்ள படம் நான்கு அங்குலத்திற்கு நன்கு வரும்; அதனை எட்டு அங்குலமாக இழுத்தால் தெளிவு குன்றும்.

அச்சிட்ட தாள்களை மடித்துக் கட்டியபின் மூன்று புறமும் வெட்டுவர். கத்தி சிறிது விலகினால், விளிம்பு வரை செல்லும் படத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். அது விழாமைப் பொருட்டு, வெட்டுக்கோட்டிற்கு அப்பாலும் 3 மில்லிமீட்டர் வரை படத்தை நீட்டுதல் வேண்டும். அச்சகத்தார் இதனைப் 'பிளீடு' என்பர். இதற்குத் தமிழ்ச்சொல் ஒன்று ஆக்குதல் எனக்கு அரிதன்று. அச்சொல்லைக் கேட்டவர் 3 மில்லிமீட்டர் விடுவாரா என்பதே ஐயம். மேலட்டையின் முதுகு அகலத்தையும் தாளின் கனம் அறிந்தே கணக்கிடுக. ஓர் இதழின் கனம் 0.1 மில்லிமீட்டர் எனின், 160 பக்கங்களுக்கு 80 இதழ். முதுகு 8 மில்லிமீட்டர்.

எங்கள் நூலில் 112 படிகளுக்குப் புள்ளி வைத்து முடித்தோம். எஞ்சியவற்றில் பிழைத்திருத்தத் தாள் ஒன்றை ஒட்டினோம். மறு ஆண்டு பொருள் சேர்த்து இரண்டாம் பதிப்புக்கு முனைந்தேன். எழுத்துருவைப் பொதிந்த கோப்பையே இம்முறை அனுப்பினேன். மெய்ப்பு வந்ததும் கடைசிப் பக்கத்தில் தொடங்கிப் பின்னிருந்து முன்னாகப் படித்தேன். பேரன் அருகிருந்து, தடித்த எழுத்தில் ஆய்தம் வருந்தோறும் பென்சிலால் ஒரு கோடு கிழித்துவந்தான். கோடுகள் 43 ஆயின. அதன்பின்னரே கையொப்பம் இட்டேன்.